முன்னுக்கு எண்ணெய், பின்னுக்குக் கம்பி

எங்கள் வீடு ஹந்தானை வீதியில், ஏற்றத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. வாசலில் ஒரு தேசிக்காய் கைதவறி விழுந்தால் அதைக் கண்டி டவுனில் போய்த்தான் பொறுக்க வேண்டும் என்பாள் என் மனைவி. அவள் எதையும் கூட்டிச் சொல்கிற பெண் இல்லை. அந்த வீதி வளைந்து வளைந்து இறங்கிப் பெரியாஸ்பத்திரியடியில் போய் முடிகிறது. வீதியை வெட்டியவர்களின் முன்யோசனையை நான் பல தடவை வியந்திருக்கிறேன்.

இந்த வீட்டில் இருபது வருடமாகக் குடியிருக்கும் எனக்கு இறக்கம் என்றால் பயம். ஏற்றம் மூச்சை வாங்கும், அவ்வளவுதான். கேட்டால் திருப்பித் தந்துவிடும். இறக்கத்திடம் அந்த மாதிரிப் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், ஊரில் எல்லோரும் சைக்கிள் வாங்கியபோது நானும் ஒன்று வாங்கினேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள். தடித்த டயர், இருபத்தொரு கியர், இரண்டு சில்லுகளின் நடுவிலும் பளபளக்கும் தகடு. அதுதான் டிஸ்க் பிரேக் என்றார் விற்றவர். பெற்றோல் வந்ததும் சைக்கிள் அறைக்குள் போய் நின்றது. என் மனைவி அதில் துவாய் காயப்போட்டாள். பிறகு ஒருநாள் டொக்டர் என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னையும் பார்த்தார். "இனி உடம்பு அசையணும்" என்றார். துவாயை எடுத்துவிட்டு சைக்கிளை வெளியே கொண்டுவந்தேன்.

ஏற்றத்தில் மிதிக்க முடியாததால் தள்ளினேன். இறக்கத்தில் பயமாக இருந்ததால் அப்போதும் தள்ளினேன். உண்மையில் நான் அந்தச் சைக்கிளை நாளும் உலாவுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கீழே, வாவியைச் சுற்றிய சமதரையில் மட்டும் ஏறி உட்கார்ந்து அலுவலகம் வரை மிதிப்பேன். வழியிலிருந்த கடைக்காரர் ஒருவர் இரண்டு வாரம் பார்த்துப் பொறுக்க முடியாமல், "தெனமும் பஞ்சரா அண்ணே? டியூப்ப மாத்துங்களேன்" என்றார். மானம் போனதால் அடுத்த நாள் ஏறி உட்கார்ந்தேன்.

இரவில் மழை பெய்திருந்த காலை. இரண்டு வளைவுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். மூன்றாவது வளைவுக்கு அப்பால் ஒரு ஓட்டோ நின்றிருந்தது. பிரேக்கைப் பிடித்தேன். பிடி, கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது. சைக்கிள் தன்பாட்டில் போயிற்று. இரண்டு கால்களையும் தரையில் தேய்த்து, ஓட்டோவின் பின்புறத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றேன். உள்ளே பாடசாலைப் பிள்ளை ஒன்று பின்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தது.

அன்றே சைக்கிள் திருத்தும் இடத்துக்குப் போனேன். டவுனுக்குள் ஒரு சந்தில், ஓர் ஆள் அகலமுள்ள கடை. திருத்துகிறவர் நாற்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் மனிதர். எண்ணெய்க் கறையில் தொப்பியின் பழைய நிறம் தெரியாது. பேச்சில் அவசரமே கிடையாது. பிரேக்கை ஒரு தரம் பிடித்துப் பார்த்தார்.

"இது கேபிள் பிரேக் சேர். கம்பி இழுக்கிறதால பிடிக்கிற. பேட் தேஞ்சா கம்பிய நீங்கதான் இறுக்கிக் கொடுக்கணும். எப்ப இறுக்கின?"

"இறுக்க வேண்டுமா?"

அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"அல்லாட காவல் சேர் ஒங்களுக்கு. எங்க ஈக்கிற நீங்க?"

சொன்னேன்.

"ஹந்தானையா? அந்த இறக்கத்துக்கு ஹைட்ரோலிக் போடுங்க. குழாய்க்குள்ள எண்ணெய் ஈக்கி. நீங்க ஒரு விரலால அமத்தினாப் போதும், எண்ணெய் தள்ளும், ரெண்டு பக்கமும் பேட் வந்து டிஸ்க்கப் பிடிக்கும். தேஞ்சாலும் அதுவே சரிபண்ணிக்கொள்ளும். கை நோகாது."

"எண்ணெய் ஒழுகினால்?"

"ஒழுகாது."

"ஒழுகினால்?"

"ஒழுகினா... ஒண்டும் பிடிக்காது" என்றார், நேர்மையான மனிதர்.

அந்த ஒரு வாக்கியத்தோடு என் நிம்மதி போயிற்று. யோசித்துச் சொல்கிறேன் என்று கம்பியை மட்டும் இறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அலுவலகத்தில் என் வேலை மொழிபெயர்ப்பு. சிங்களத்தில் வரும் எச்சரிக்கைகளைத் தமிழில் எச்சரிப்பது. எனக்கு எதிர்மேசைக்காரர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர். பிறந்தது முதல் சைக்கிள் ஓட்டியவர் என்று தானே சொல்லிக்கொள்பவர். அவரிடம் விஷயத்தை வைத்தேன்.

"ஐசே, உமக்கென்ன விசரே? எண்ணெய்ப் பிரேக் பழுதானா ஆர் பாக்கிறது? கண்டியில ரெண்டு பேர் இருப்பினம். கேபிள் எண்டா கம்பி பிய்யுறது கண்ணுக்குத் தெரியும். எந்தக் கடையிலயும் கம்பி வாங்கலாம். நீரே பூட்டலாம்."

"நீங்கள் என்ன பிரேக் வைத்திருந்தீர்கள்?"

"எங்கட சைக்கிளுக்குப் பிரேக்கே இல்லை. காலைக் குத்தினா நிக்கும்."

"உங்கள் ஊரில் இறக்கம் இருக்கிறதா?"

"ஓம், ஒரு பாலம் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் வாசித்தேன். பயந்த மனிதன் வாசிப்பது போல வேறு யாரும் வாசிப்பதில்லை. உலகத்தின் பல மூலைகளிலும் மலையிலிருந்து சைக்கிளில் இறங்கியவர்கள் எழுதிவைத்ததை எல்லாம் போனில் படித்தேன். ஹைட்ரோலிக் குழாய்க்குள் காற்று புகுந்தால் பிடி பஞ்சாகிவிடும் என்று ஒருவர். கேபிளின் உறைக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும் என்று இன்னொருவர். கண்டியில் மழை பெய்யாத நாட்களைக் கைவிரலில் எண்ணலாம். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால் எந்தப் பிரேக்கும் சூடேறிச் சோர்ந்துவிடும் என்று மூன்றாமவர். அவருக்குப் படமும் இருந்தது; கையில் கட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். கம்பி மெல்ல மெல்லச் சாகும், எண்ணெய் திடீரென்று சாகும் என்பது என் ஆராய்ச்சியின் முடிவு. இதில் எதை விரும்புவது? தூக்கத்தில் என் வலது கை போர்வையை இறுகப் பிடித்திருந்ததாக மனைவி காலையில் சொன்னாள்.

"பயமா இருந்தா நடந்து போங்களேன். யாரு ஒங்கள சைக்கிள்ல போகச் சொன்னா?"

"டொக்டர்."

"டொக்டர் அசையத்தான் சொன்னாரு. உருளச் சொல்லல."

அவள் சொன்னது நியாயம். ஆனாலும் எனக்குள் ஒரு வீம்பு. ஐம்பத்திரண்டு வயதில், சொந்த வீட்டு வாசலிலிருந்து சொந்த டவுனுக்கு இறங்கப் பயப்படுகிறவனாக மிச்சக் காலத்தையும் கழிப்பதா? ஒரே ஒரு தடவை, கால் குத்தாமல், முழு இறக்கத்தையும் இறங்கிவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

கடைசியில் அரசாங்க உத்தியோகத்தன் ஒருவன் எடுக்கக்கூடிய முடிவையே எடுத்தேன். இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொரு சில்லு. முன்னுக்கு ஹைட்ரோலிக், பின்னுக்குக் கேபிள். எண்ணெய் ஒழுகும் நாளிலேயே கம்பியும் அறுவதற்கு எவ்வளவு துரதிர்ஷ்டம் வேண்டும்? அவ்வளவு துரதிர்ஷ்டசாலி வீட்டில் கட்டிலில் படுத்திருந்தாலும் தப்பமாட்டான். இந்தத் தர்க்கத்தை எழுதிப் பார்த்தேன், ஓட்டையே இல்லை.

திருத்துகிறவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இப்பிடி ஒருத்தரும் கேட்டதில்ல சேர்" என்றார். "செய்யேலும். செய்யேலாதெண்டு இல்ல." செய்தும் கொடுத்தார். கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, சமதரையில் இருபது முப்பது தரம் ஓடி ஓடிப் பிடித்துப் புது பேட்டைப் பழக்க வேண்டும். மற்றது, "டிஸ்க்குல கை வெக்காதீங்க."

வாவிக்கரையில் ஒரு ஞாயிறு காலை பழக்கினேன். முன் பிரேக்கை ஒரு விரலால் தொட்டேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலாகப் பாதித் தூரம் போய்த் திரும்பி வந்தேன். நிற்காமல் போய்விடுமோ என்ற பயத்தோடு, நின்றுவிடுமோ என்ற பயமும் அன்று சேர்ந்துகொண்டது. ஆனாலும் இரண்டு பிரேக்கும் இரும்பாகப் பிடித்தன. விஜயதசமி அன்று வீட்டிலிருந்து இறங்குவது என்று தீர்மானித்தேன். நல்ல காரியத்தை அன்றைக்குத்தான் தொடங்க வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து கிடையாது.

அதற்கு முதல்நாள் சரஸ்வதி பூசை. எங்கள் ஆட்களுக்கு அது புத்தகத்தோடு முடிகிற பூசை இல்லை. தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு என்று வீட்டில் இரும்பாக இருப்பதை எல்லாம் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய்த் துணியால் ஒரு பூச்சுப் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்துப் படத்துக்கு முன் அடுக்குவோம். டவுனுக்கு வந்தபின் இரும்பு மாறியது, எண்ணெய் மாறவில்லை. மனைவியின் தையல் மெஷின், கத்தரிக்கோல், தேங்காய் துருவி, என் பழைய டைப்ரைட்டர். அந்த வருடம் சைக்கிளும் வரிசையில் நின்றது.

நான்தான் துடைத்தேன். மிதிகட்டை, செயின், கம்பிகள், எல்லாம். மழையில் இரண்டு தகடுகளிலும் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. உயிரைக் காக்கப்போகிற உறுப்பு அழுக்காக இருக்கலாமா? நல்லெண்ணத்தோடு, நல்ல எண்ணெயோடு, இரண்டு பக்கமும், ஓட்டை ஓட்டையாகத் துணியை நுழைத்துத் தேய்த்தேன். கை வைக்காதீர்கள் என்று அவர் சொன்னது நினைவில் இருந்தது. நான் கை வைக்கவில்லை, துணியை வைத்தேன். மொழிபெயர்ப்பாளனுக்கு இது ஒரு தொழில் வியாதி. பிறகு தகடு ஒவ்வொன்றிலும் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சைக்கிள் கண்ணுக்குக் கல்யாண மாப்பிள்ளை போல இருந்தது.

காலையில் மனைவி வாசலில் நின்றாள். "மெதுவா போங்க. டவுனுக்குப் போனதும் போன் பண்ணுங்க" என்றாள். தென்கோடி மாத்தறைக்குப் போகிறவனிடம் சொல்வது போல இருந்தது. சைக்கிள் ஹெல்மட் கிடைக்காததால் மச்சானின் மோட்டார்சைக்கிள் ஹெல்மட்டைப் போட்டிருந்தேன். அதற்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. காலைத் தூக்கினேன்.

முதல் ஐம்பது யார் தூரம் அதிகம் சரிவில்லை. முதல் வளைவு தெரிந்ததும், படித்தபடியே, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் மெதுவாகப் பிடித்தேன்.

பிடி இறுக்கமாக இருந்தது. இது முக்கியம். எண்ணெய் ஒழுகவில்லை, கம்பி அறவில்லை. இரண்டும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. சைக்கிள் மட்டும் போய்க்கொண்டிருந்தது. போனது மட்டுமல்ல, வேகம் எடுத்தது.

இன்னும் இறுக்கினேன். எங்கோ ஒரு மாடு கதறுவது போலச் சத்தம் வந்தது. தகடுகளிலிருந்துதான். முழுப் பலத்தையும் கொடுத்தேன். விரல் எலும்பு நொந்தது. சத்தம் கூடியது, வேகமும் கூடியது. ஒரு மாதம் படித்ததில் இரண்டும் ஒரே நேரத்தில் நல்ல நிலையில் இருந்தபடியே பிடிக்காமல் போவது பற்றி யாரும் எழுதியிருக்கவில்லை. சாவகச்சேரிக்காரர் நினைவுக்கு வந்தார். காலைக் குத்தினேன். அலுவலகச் சப்பாத்தின் குதி தனியாகக் கழன்று எனக்கு முன்னால் உருண்டது.

முதல் வளைவை எப்படித் திரும்பினேன் என்று தெரியாது. இரண்டாவது வளைவில் கீழிருந்து பஸ் ஏறி வந்தது. வலது பக்கம் பஸ். அதற்கு அப்பால் பள்ளம், பள்ளத்தில் வீட்டுக் கூரைத் தகரங்கள். இடது பக்கம் கருங்கல் வடிகான், அதற்குப் பின்னால் மதில். நான் கத்தினேன். அம்மா என்று கத்தினேனா, சாமி என்று கத்தினேனா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஹெல்மட்டுக்குள் கத்தியதால் வேறு யாரும் கேட்டிருக்கவும் வழியில்லை. என் மனைவி வாசலில் போனோடு நின்றுகொண்டிருப்பாள் என்பது மட்டும் மிகத் தெளிவாகத் தோன்றியது. ஆற அமர இருந்து நினைத்தது போல.

கான் முடிகிற இடத்தில் யாரோ வீடு கட்டுவதற்காக மணல் குவித்திருந்தார்கள். வீதியோரத்தில் மணலும் கல்லும் குவிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற அறிவித்தலைத் தமிழாக்கியவன் நான். அந்தக் குற்றத்துக்குள் சைக்கிளைத் திருப்பினேன்.

முன் சில்லு புதைந்தது. நான் புதையாமல் மேலே போய், குவியலின் மறுபக்கத்தில் முகம் கீழாக இறங்கினேன். பிறகு பஸ் நிற்கும் சத்தம். சாரதி யன்னலால் தலையை நீட்டி, "அங்கிள், பிஸ்ஸுத?" என்றான். பைத்தியமா என்று கேட்கிறான். நான் தலையை ஆட்டினேன். ஆம் என்று எடுத்துக்கொண்டிருப்பான். இடது மணிக்கட்டில் ஒரு வீக்கம், உதட்டில் ஒரு கிழியல், வாய் நிறைய மணல்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு திரும்பியபோது மனைவி உதட்டைத் துடைத்துவிட்டாள். பிறகு, "நேத்து நல்லாக் கும்பிட்டோம். அதனாலதான் மண்ணுல விழுந்தீங்க" என்றாள்.

அடுத்த நாள் சைக்கிளை ஓட்டோவில் ஏற்றி, சந்துக் கடைக்குக் கொண்டுபோனேன். எண்ணெய்ப் பிரேக்கைப் பற்றியும் கேபிளைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒப்புவித்தேன். திருத்துகிறவர் கேட்டுக்கொண்டே பேட்டைக் கழற்றினார். அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"தேங்காண்ணெய்" என்றார். இன்னொரு தரம் மோந்தார். "சந்தனமும் ஈக்கி."

நான் கடையின் கூரையைப் பார்த்தேன்.

"வெக்கப்படாதீங்க சேர். ஒங்கட பூசை முடிஞ்சா ஒவ்வொரு வருஷமும் எனக்கு ரெண்டு மூணு சைக்கிள் வரும். எல்லாரும் செல்ற ஒரே கதை. பிரேக் நல்லாத்தான் ஈக்கி, நிக்குதில்ல எண்டு." பேட் நான்கையும் குப்பைத் தகரத்துக்குள் போட்டார். "எண்ணெய் குடிச்ச பேட் திரும்ப வராது. உள்ளுக்கு எண்ணெய் போட்டதும் சரி, கம்பி போட்டதும் சரி, தகட்டுல எண்ணெய் பட்டா ரெண்டும் ஒண்டுதான்."

ஒரு மாதம் வாசித்ததும் ஓட்டையில்லாத தர்க்கமும் அந்தத் தகரத்துக்குள் கிடந்தன. அவர் தகடுகளை ஸ்பிரிட்டால் கழுவிப் புது பேட் போட்டார். நான் எட்டிப் பார்த்தபோது, "தள்ளி நில்லுங்க" என்றார்.

வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன். எண்ணெய்தான் காரணம், பூசைக்குப் பூசிய எண்ணெய். அவள் மாவு குழைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"எண்ணெ பூசுனது நீங்க. காப்பாத்துனது சாமி. ரெண்டையும் ஏங்க சேத்துக் கொழப்புறீங்க?"

இரண்டு வாரம் சைக்கிள் அறையில் நின்றது. துவாய் மறுபடி ஏறியது. மணிக்கட்டு வீக்கம் வற்றியது. ஆனால் வாசலில் நின்று கீழே பார்த்தாலே அந்த மாட்டுச் சத்தம் காதில் கேட்டது. பிரேக்கில் இனிப் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். பிழை செய்தவன் அதே ஆள், அதே கைகளோடு அதே கைப்பிடியைப் பிடிக்கப்போகிறான் என்பதும் தெரியும். கம்பியையாவது மாற்றலாம்.

பதினைந்தாம் நாள் துவாயை எடுத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்று மழை இல்லை, அவ்வளவுதான்.

வாசலைத் தாண்டியதும் பிடித்தேன். நின்றது. விட்டேன், பத்து யார் தூரம் போய் மறுபடி பிடித்தேன். நின்றது. முதல் வளைவுக்கு முன் நான்கு தரம் நின்றேன். வியர்வை கண்ணுக்குள் ஓடியது. மணல் குவிந்திருந்த இடத்தில் இப்போது மணல் இல்லை, மதில் எழும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் பிடித்த பிடி, விடவே மாட்டேன் என்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, வளைவின் நடுவில், இரண்டு கையும் இறுகியபடி நின்றேன்.

பின்னால் ஹோர்ன். மேலிருந்து இறங்கி வந்த பஸ். முந்திப்போக இடமில்லை. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "அண்ணே, ஏறுறீங்களா, எறங்குறீங்களா? ரெண்டுல ஒண்ணச் செய்யுங்க, ஆளுங்க வேலைக்குப் போகணும்" என்றார். சைக்கிளைக் கூரையில் ஏற்றிவிடுவார் போலத்தான் இருந்தது. ஏறியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எறங்குறேன்" என்றேன்.

விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். சைக்கிள் நகர்ந்தது. பிடித்தேன், குறைந்தது, விட்டேன், ஓடியது. மூன்றாவது வளைவு, நான்காவது வளைவு. பஸ் என் முதுகுக்குப் பின்னால், என் வேகத்திலேயே, முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியடிச் சமதரையில் கால் குத்தியபோது அது என்னைக் கடந்தது. யன்னல்களில் வரிசையாகத் தெரிந்த முகங்களில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. அன்று காலை அந்த பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் வேலைக்குப் பிந்தினார்கள். நானும் பிந்தினேன். மனைவிக்குப் போன் எடுத்தேன். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போயிற்று.